கம்மி பட்ஜெட்ல வீட்லயே எலெக்ட்ரிக் கிட்டார்: பாடி நாமளே செஞ்சுட்டு நெக் மட்டும் வாங்கிடலாமா?

ஆறாம்கம்பி:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்ப தான் முதல் தடவையா எழுதுறேன். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடல்ல ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் சொந்தமா செய்யணும்னு ரொம்ப ஆசை. கையில பத்தாயிரம் தான், அதுக்கு மேல போக வழியில்ல. மாமா கும்பகோணத்துல தச்சு வேலை பாக்குறார், பட்டறைல இழைப்பு மெஷின், ரூட்டர், டிரில் எல்லாம் இருக்கு. பழைய வீடு இடிச்சப்ப வந்த தேக்கு கதவு பலகை ஒண்ணு எனக்குனே எடுத்து வச்சிருக்கார். தேக்குல பாடி பண்ணா சவுண்ட் நல்லா வருமா, நெக்கும் (விரல் வச்சு அழுத்துற நீளமான கழுத்து) அதே பலகைல பண்ணிடலாமா, பிக்கப்புக்கு (தந்தி ஆடுறதை சிக்னலா மாத்துற காந்தக் காயில்) எவ்வளவு ஒதுக்கணும், இதெல்லாம் சொல்லுங்க அண்ணன்களே. வீடியோல எல்லாரும் ஆல்டர், மேப்பிள்னு வெளிநாட்டு மரமா சொல்றாங்க, நம்ம ஊர் மரவாடில அந்த பேரே யாருக்கும் தெரியல.

மரத்தூள்:

தம்பி, பட்டறையும் கை தேர்ந்த மாமாவும் இருக்கறப்ப தைரியமா இறங்கு. என் அபிப்ராயம் நேரா சொல்லிடுறேன்: பாடியை நீ செய், நெக்கை வாங்கு, மிச்சம் இருக்குற நேரம் பொறுமை எல்லாத்தையும் ஃபிரெட்லயும் (நெக் மேல குறுக்க பதிச்சிருக்குற உலோகக் கம்பி) நட்லயும் (நெக்கோட தலைப்பக்கம் தந்தி உக்கார்ற குழி வெட்டின சின்ன கட்டை) போடு. கிட்டார் கையில நல்லா இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது அந்த ரெண்டு இடம் தான். மரம் என்ன, பிக்கப் என்ன பிராண்டுங்கறதெல்லாம் அதுக்கு அப்புறம். பட்ஜெட்ல பாதி நெக்குக்கே போனாலும் பரவால்ல, அடுத்து பிரிட்ஜும் (பாடில தந்தியைத் தாங்குற உலோகப் பாகம்) ட்யூனிங் கீயும், கடைசில தான் பிக்கப். பழைய கிட்டார்ல கழட்டின பிக்கப் செட் கிடைச்சா கூட போதும்.

தேக்கு தாராளமா ஆகும், ஆனா வெயிட் பாத்துக்கோ. ஆல்டர்ல 2 கிலோ வர்ற ஸ்ட்ராட் பாடி அதே அளவுல நல்ல தேக்குல போனா முக்கால் கிலோ கூடிடும், ரெண்டு மணி நேரம் நின்னு வாசிச்சா தோள்பட்டை சொல்லும். அதனால பிக்கார்டுக்கு (பாடி மேல மூடுற பிளாஸ்டிக் தட்டு) அடில மூணு தனித்தனி குழியா தோண்டாம ஒரே பெரிய குழியா தோண்டிடு, வெளிய தெரியாது, வெயிட்டும் குறையும், பின்னாடி ஹம்பக்கர் (ரெட்டைக் காயில் பிக்கப்) மாத்தணும்னா மறுபடி மரத்தை வெட்ட வேண்டாம். அப்புறம் பழைய கதவு பலகைன்னா உள்ள ஆணி உடைஞ்சு நிக்கும். இழைப்பு மெஷின்ல விடுறதுக்கு முன்னாடி ஒரு நல்ல காந்தத்தை பலகை முழுக்க ரெண்டு பக்கமும் தடவிப் பாரு, இல்லன்னா மாமாவோட பிளேடு போயிடும். கதவு பலகை பெரும்பாலும் ஒண்ணரை அங்குலத்துக்குள்ள தான் இருக்கும், நமக்கு வேண்டியது 44, 45 மி.மீ., அதனால மேல ஒரு மெல்லிசு பலகை ஒட்டி கனம் ஏத்து. தேக்குல எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுறதுக்கு முன்னாடி அசிட்டோன்ல துடைச்சுட்டு உடனே பசை போட்டு கிளாம்ப் பண்ணணும், அரை மணி நேரம் விட்டா எண்ணெய் திரும்ப மேல வந்துடும்.

நெக் உக்கார்ற பாக்கெட் 16 மி.மீ. ஆழம், அகலம் 56 மி.மீ. பக்கம், ஆனா இந்த அகலத்தை எழுதி வச்சு வெட்டாத, நெக் கைக்கு வந்ததும் அதையே வச்சு கோடு போட்டு வெட்டு. பாடியைத் தூக்கினா நெக் ஸ்க்ரூ இல்லாமலே விழாம நிக்கணும், அந்த இறுக்கம் வரணும். ஸ்க்ரூ போடறப்ப பாடில இருக்குற ஓட்டை லூசா இருக்கணும், மரை நெக்ல மட்டும் கடிக்கணும். பாடிலயும் கடிச்சா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இழுத்து ஒட்டாது. பிரிட்ஜ் இடத்தை நெக் மாட்டினதுக்கு அப்புறம் தான் முடிவு பண்ணணும். நட்டோட ரெண்டு ஓரக் குழியில இருந்தும் பிரிட்ஜ் வரைக்கும் நூல் பிடிச்சுப் பாரு, மாமாவுக்கு இது சொல்லவே வேண்டாம். ரெண்டு நூலும் ஃபிரெட்போர்டு ஓரத்துல இருந்து சம தூரத்துல போச்சுன்னா அப்புறம் தான் டிரில்லை எடுக்கணும்.

கரையான்புற்று:

மரத்தூள் அண்ணனை மதிக்கிறேன், ஆனா இதுல எனக்கு ஒப்புதல் இல்ல. நெக்கை வாங்கி மாட்டினா அது அசெம்பிளி தான். குயின் பேண்ட் கிட்டாரிஸ்ட் பிரையன் மே 16 வயசுல அப்பாவோட சேந்து 1963ல ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் வீட்லயே உக்காந்து ரெட் ஸ்பெஷல்ங்கற தன் கிட்டாரை செஞ்சார். நெக் ஒரு பழைய கணப்படுப்பு மேல இருந்த மகோகனி கட்டை, அதுல இருந்த பூச்சி ஓட்டையை தீக்குச்சி வச்சு அடைச்சிருக்காங்க. ட்ரெமலோவுக்கு (சுருதியை ஆட்டுற பிரிட்ஜ் கைப்பிடி) பழைய பேந்தர் மோட்டார்சைக்கிளோட வால்வு ஸ்பிரிங், ஃபிரெட்போர்டு புள்ளிக்கு அம்மாவோட சிப்பி பட்டன். மொத்த செலவு 8 பவுண்டுனு அவரே சொல்லியிருக்கார். அந்த கிட்டாரை வச்சு தான் உலகம் பூரா ஸ்டேடியம் ஸ்டேடியமா வாசிச்சார், இப்பவும் வாசிக்கிறார். தேக்கு கையில இருக்கு, பட்டறை இருக்கு, தம்பி ஏன் பயப்படணும்?

மரத்தூள்:

பிரையன் மே அப்பா எலெக்ட்ரானிக்ஸ் டிராஃப்ட்ஸ்மேன், வீட்டு சாமான் பாதி அவரே செஞ்சவர், ரெண்டு பேரும் ரெண்டு வருஷம் அதுலயே இருந்தாங்க. அந்த உழைப்பு மேல எனக்கு பெரிய மரியாதை உண்டு, அதனால தான் சொல்றேன், அவசரமா பண்ற வேலை இல்ல நெக். அதே கதையில இன்னொண்ணும் இருக்கு, பிக்கப்பை முதல்ல அவரே சுத்திப் பாத்துட்டு கடைசில பர்ன்ஸ் ட்ரை-சானிக் வாங்கி தான் மாட்டினார். எது வாங்கணும் எது செய்யணும்னு அவங்களும் பாத்து பாத்து தான் முடிவு பண்ணாங்க.

நெக்ல சிக்கல் எங்கன்னு சொல்றேன். ஃபிரெட் இடம் கணக்கு சுலபம், 648 மி.மீ. ஸ்கேலை (நட்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் தந்தி நீளம்) 17.817ஆல வகுத்தா முதல் ஃபிரெட் 36.37ல வரும், மிச்சம் இருக்குறதை திரும்ப வகுத்தா அடுத்தது, 12வது சரியா பாதில, 324ல விழணும். ஆனா ஒரு ஃபிரெட்ல இருந்து அடுத்த ஃபிரெட்டுக்கு அளவுகோல் வச்சு அளந்துட்டே போனா சின்ன சின்ன பிசகு சேந்து 15வதுக்கு மேல காது கேக்குற அளவுக்கு வந்துடும், எல்லாத்தையும் நட்ல இருந்தே அளக்கணும். அடுத்தது ஸ்லாட். ஃபிரெட் கம்பியோட நாக்கு உள்ள போய் பிடிக்க 0.6 மி.மீ.க்கு உள்ள ஸ்லாட் வேணும். சாதா ஹேக்ஸா பிளேடு பல் விரிஞ்சு இருக்கறதால கிட்டத்தட்ட 1 மி.மீ. வெட்டும், ஃபிரெட் நிக்காது. அதுக்குன்னு தனி ரம்பம், ட்ரஸ் ராட் (நெக்குக்குள்ள இருந்து அதோட வளைவை சரிபண்ற கம்பி), ஃபிரெட் கம்பி, ரேடியஸ் கட்டை (ஃபிரெட்போர்டை வளைவா தேய்க்குற கட்டை)னு வாங்கினா ரெடிமேட் நெக் விலைக்கு மேல போயிடும். ரெண்டாவது கிட்டாருக்கு கண்டிப்பா நெக்கும் பண்ணு, நானே கூட நிப்பேன். முதல் கிட்டார் வாசிக்கிற மாதிரி முடிஞ்சா தான் ரெண்டாவது பண்ணத் தோணும்.

காயில்கட்டு_கோவை:

பிக்கப் பத்தி யாரும் விரிவா பேசல, அதுனால நான் வர்றேன். எங்க ஊர்ல தெருவுக்கு ஒரு மோட்டார் வைண்டிங் கடை இருக்குங்க, பம்ப் செட் மோட்டாருக்கு காயில் கட்டுறவங்க. அவங்ககிட்ட எனாமல் காப்பர் கம்பி கிடைக்கும், ஆனா ஒரு விஷயம் கவனிங்க. நெட்ல போட்டிருக்குற 42 கேஜ் அமெரிக்கன் கேஜ், அதாவது 0.063 மி.மீ., தலைமுடி மாதிரி இருக்கும். நம்ம கடைல 42 கேஜ்னு கேட்டா எஸ்டபிள்யூஜில (பிரிட்டிஷ் கேஜ்) 0.1 மி.மீ. கம்பியை குடுப்பாங்க, அதை பாபின்ல 8000 சுத்து சுத்த இடமே பத்தாது. எஸ்டபிள்யூஜில 46 கேளுங்க, 0.061 வரும், அது தான் சரியா பொருந்தும். மோட்டார் கடைல இவ்வளவு மெல்லிசு எப்பவும் இருக்காது, ரிலே காயில், சின்ன டிரான்ஸ்ஃபார்மர் கட்டுற கடைல கேளுங்க, எடை போட்டு குடுப்பாங்க.

சுத்துறதுக்கு தையல் மெஷின் மோட்டார் அருமையா வேலை செய்யும், பெடல்ல வேகத்தை கூட்டி குறைக்கலாம். சுத்து எண்ணுறதுக்கு ஒரு பழைய கால்குலேட்டரை பிரிச்சு "=" பட்டனோட ரெண்டு முனைலயும் ஒரு ரீட் ஸ்விட்ச் (காந்தம் கிட்ட வந்தா ஆன் ஆகுறது) பத்த வைங்க, சுத்துற தட்டுல சின்ன காந்தம் ஒட்டுங்க, 1+1 அழுத்தி விட்டுட்டா ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணு ஏறிட்டே வரும். ரொம்ப வேகமா போனா சில கால்குலேட்டர் எண்ணாம விட்டுடும், நிதானமா ஓட்டுங்க. ஸ்ட்ராட் பிக்கப்புக்கு 8000 சுத்து பக்கம் வந்தா மல்டிமீட்டர்ல 6 கிலோ ஓம் கிட்ட காட்டும். ஓப்பன்னு காட்டுச்சுன்னா எங்கயோ கம்பி அறுந்திருக்கு.

அல்நிகோ காந்தம் கிடைக்கலன்னா கவலைப்படாதீங்க, தந்திக்கு அடில வர்ற காந்த முனைக்கு (போல்) இரும்பு கம்பித் துண்டை வச்சுட்டு அடில ஒரு பட்டை செராமிக் காந்தம் ஒட்டிடலாம், விலை கம்மியான கிட்டார்ல பாதிக்கு மேல இப்படித்தான் வருது. கடைசில மெழுகுல முக்குங்க, இல்லன்னா சவுண்ட் கூட்டி வச்சா கீச்சுனு கத்தும். சாதா மெழுகுவத்தி மெழுகு நாலு பங்கு, தேன் மெழுகு ஒரு பங்கு, பாத்திரத்துக்குள்ள பாத்திரம் வச்சு தண்ணி சூட்டுல தான் உருக்கணும், 65 டிகிரி தாண்ட வேண்டாம், பிளாஸ்டிக் பாபின் வளைஞ்சுடும். நேரா அடுப்புல வச்சு மெழுகை உருக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

யாழ்_தந்தி:

வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில இருந்து. இஞ்ச மகோகனி லேசா எடுக்கலாம், தளபாடம் செய்யிறவையளிட்ட மிஞ்சின துண்டுகள் கிடக்கும். நான் செய்த பாடி அதில தான், தேக்கை விடப் பாரம் குறைவு, உளிக்கும் நல்லா இணங்கும். ஒண்டு மட்டும் சொல்லுறன், மரம் காய்ஞ்சிருக்க வேணும். கடற்கரைப் பக்கம் ஈரக்காத்து, புதுசா அறுத்த பலகையை உடன வெட்டினீங்கள் எண்டால் பிறகு நெக் பாக்கெட் சுருங்கி பெயிண்ட் வெடிக்கும். உங்கட மாமா எடுத்து வச்சிருக்கிற பழைய கதவுப் பலகை அந்த வகையில பொன், கனகாலம் காய்ஞ்ச மரம், இனி அசையாது. விடாதேங்கோ.

வீணைவீடு:

நான் தஞ்சாவூர் பக்கம், வீட்ல வீணை வேலை. பலா மரத்தை ஏன் யாரும் சொல்லல? எங்க வீணை குடம் முழுக்க பலா தான். மரம் முக்கியமில்லன்னு மேல ஒருத்தர் சொன்னதை ஏத்துக்க மனசு வரல. குடத்துல ஒரு சின்ன கனம் மாறினாலும் நாதம் மாறுறதை கையால தொட்டுப் பாத்து வளந்தவங்க நாங்க. ஆனா ஃபிரெட் தான் முக்கியம்னு சொன்னது முழு உண்மை. வீணைல மேளம் கட்டுறதுன்னா மெழுகும் கரியும் கலந்து 24 மெட்டையும் காதால கேட்டு கேட்டு நிறுத்துறது, குடம் எவ்வளவு நல்லா அமைஞ்சாலும் மேளம் சரியில்லன்னா வீணை பேசாது.

மரத்தூள்:

ஐயா, வீணையில நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, அங்க மரம் தான் சத்தத்தை காத்துல தள்ளுது. எலெக்ட்ரிக்ல தந்தி ஆடுறதை காந்தமும் காயிலும் தான் எடுக்குது, அதனால பிக்கப் எந்த இடத்துல உக்காருது, தந்தி நீளம், ஸ்பீக்கர் இதெல்லாம் தான் பெருசா பேசும். 1950கள்ல டேன்எலெக்ட்ரோ கம்பெனி மேசனைட் அட்டைப் பலகையை ஒரு மரச் சட்டத்துல ஒட்டி, லிப்ஸ்டிக் குழாய்க்குள்ள பிக்கப் போட்டு மலிவு விலைக்கு வித்தாங்க, அந்த மாடலை லெட் செப்லின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் மேடைல வாசிச்சார். பலா பாடிக்கு நல்ல மரம் தான், அந்த மஞ்சள் நிறம் வயசாக வயசாக செம்பழுப்பா மாறுறது பாக்கவே அழகு. அந்த அழகுக்காகவே ஒண்ணு பண்ணலாம்.

ஆறாம்கம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு அக்கறையா எழுதுவீங்கன்னு நினைக்கல. நெக் வாங்கிட்டேன், பாடி வெட்டி நூல் பிடிச்சு பிரிட்ஜ் மாட்டியாச்சு, மாமாவுக்கு நூல் விஷயம் ரொம்ப பிடிச்சுப் போச்சு. பிக்கப் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் கிட்டார்ல கழட்டினது. வயரிங் பண்ணி ஆம்ப்ல போட்டா சவுண்ட் வருது, ஆனா ஜ்ஜ்ஜ்னு இரைச்சல். தந்தியைத் தொட்டா குறையுது, கையை எடுத்தா திரும்ப வருது. கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடுறப்ப வாசிக்கவே முடியல. பிக்கப் போயிடுச்சா?

ஈயக்கம்பி:

பிக்கப் நல்லாத்தான் இருக்கு, பயப்படாத. தந்தியைத் தொட்டா குறையுதுன்னா பிரிட்ஜ் கிரவுண்ட் சரியா இருக்குன்னு அர்த்தம். தொட்டா கூடுச்சுன்னா தான் வயர் மாத்திக் குடுத்திருக்கன்னு பாக்கணும்.

ரெண்டு வகை சத்தத்தை பிரிச்சுப் பாரு. ஆம்ப் முன்னாடி நின்னுட்டு கிட்டாரோட அப்படியே மெதுவா சுத்து. ஒரு திசைல குறைஞ்சு ஒரு திசைல கூடுற அந்த ம்ம்ம் சத்தம் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம், ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர், அடாப்டர் இதுல இருந்து வரும். சிங்கிள் காயில்ல ஃபாயில் ஒட்டினாலும் அது போகாது, தள்ளி நிக்கணும், இல்லன்னா நடு பிக்கப் ரிவர்ஸ் வைண்ட்ல (எதிர்த் திசைல சுத்தினது) இருந்தா பிக்கப் மாத்துற ஸ்விட்சை 2வது, 4வது இடத்துல வச்சா அமுங்கிடும். நீ சொல்ற ஜ்ஜ்ஜ் வேற, அது ஷீல்டிங் பண்ணா (குழியை உலோகத்தால மூடினா) நல்லாவே குறையும். அந்த ரூம்ல ஃபேன் ரெகுலேட்டர் எலெக்ட்ரானிக்கா? ஃபேனை ஆஃப் பண்ணிப் பாரு. கரண்ட்டை அலை அலையா நறுக்கி அனுப்புற ரெகுலேட்டர்னா அதுல இருந்து தான் பாதி இரைச்சல். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும் அதே மாதிரி, அதுக்கு கிட்டார்ல முழு வைத்தியம் கிடையாது.

குழி முழுக்க காப்பர் டேப் ஒட்டு, ஒட்டுற பக்கம் பசை கரண்ட் கடத்தாம இருக்கலாம், அதனால துண்டும் துண்டும் சேர்ற இடத்துல ஒரு பொட்டு ஈயம் வச்சு மல்டிமீட்டர்ல பீப் வருதான்னு பாரு. பிக்கார்டு பின்பக்கமும் ஒட்டணும், குழி ஓரத்துல கொஞ்சம் மேல மடிச்சு விட்டா ஸ்க்ரூ போட்டதும் ரெண்டும் தொட்டுக்கும். ஜாக்கோட சிக்னல் முனை எங்கயும் டேப்ல படக்கூடாது. பாட் (வால்யூம், டோன் திருப்புற குமிழுக்கு அடில இருக்குறது) முதுகுல கிரவுண்ட் வைக்க 25 வாட் அயர்ன் பத்தாது, சூடு பாட் முழுக்க பரவிப் போய் ஈயம் சும்மா உருண்டையா உக்காரும், 60 வாட்ல சட்டுனு வச்சு சட்டுனு எடு. சிங்கிள் காயிலுக்கு 250கே பாட், டோனுக்கு 0.047 மைக்ரோஃபேரட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குறதா இருந்தா ஏ-னு போட்ட லாக் பாட்டா கேட்டு வாங்கு, லீனியர் போட்டா வால்யூம் ஒரு ஓரத்துல தான் சட்டுனு இறங்கும்.

கடைசியா ஒண்ணு, இதை ரொம்ப சீரியஸா சொல்றேன். இரைச்சல் குறையுதுன்னு ஆம்ப் பிளக்ல எர்த் பின்னை எடுத்துட்டு வாசிக்கிறவங்களை நான் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாத. உன் தந்தி நேரா ஆம்ப் எர்த்தோட சேந்திருக்கு. 1972ல வேல்ஸ்ல ஸ்வான்சீங்கற ஊர்ல ஸ்டோன் த க்ரோஸ் பேண்ட் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி மேடைல எர்த் சரியில்லாத மைக்கை தொட்டு அங்கயே இறந்தார். கோயில் திருவிழா, கல்யாண மேடைன்னு ஜெனரேட்டர்ல ஓடுற இடத்துக்கு போனா வாசிக்கிறதுக்கு முன்னாடி மைக்குக்கும் தந்திக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சு வோல்டேஜ் பாரு.

ஆறாம்கம்பி:

ஃபேன் ரெகுலேட்டர் தான் அண்ணா! ஃபுல் ஸ்பீடுல வச்சதும் பாதி காணோம். டேப் ஒட்டினதும் மிச்சமும் ரொம்ப குறைஞ்சிடுச்சு. எங்க வீட்டு எர்த்தையும் எலெக்ட்ரீஷியனை கூப்பிட்டு பாக்கச் சொல்லிட்டேன். இப்ப ஃபிரெட் வேலை எப்படி ஆரம்பிக்கறது? 7வது 9வது ஃபிரெட்ல கர்ர்ருனு இடிக்குது.

மரத்தூள்:

இங்க தான் மெதுவா போகணும். முதல்ல நெக் வளைவு: தந்தியை முதல் ஃபிரெட்லயும் நெக் பாடில சேர்ற ஃபிரெட்லயும் அழுத்திட்டு 7, 8வது ஃபிரெட் மேல இருக்குற சந்தைப் பாரு, கால் மி.மீ. இருந்தா போதும். இல்லன்னா ட்ரஸ் ராட்டை கால் சுத்து மட்டும் திருப்பி ராத்திரி பூரா விட்டுட்டு காலைல பாரு. அப்புறம் பழைய ஏடிஎம் கார்டு ஓரத்தை மூணு ஃபிரெட் மேல வச்சு ஆட்டிப் பாரு, டக் டக்னு ஆடுச்சுன்னா நடு ஃபிரெட் உசரம். அது தூக்கி நிக்குதா தேஞ்சு நிக்குதான்னு பாத்து, தூக்கி நின்னா ஒரு ரப்பர் சுத்தியல்ல தட்டி உக்கார வை, பாதிப் பிரச்னை அதுலயே முடியும்.

மிச்சத்துக்கு லெவலிங், அதாவது எல்லா ஃபிரெட்டையும் ஒரே உசரத்துக்கு தேய்க்கறது. தந்தி எல்லாம் கழட்டிட்டு ட்ரஸ் ராட்டை வச்சு நெக்கை நேராக்கு, ஃபிரெட்போர்டு மேல மாஸ்க்கிங் டேப், ஒவ்வொரு ஃபிரெட் தலைலயும் மார்க்கர்ல மை. கண்ணாடிக் கடைல 8 மி.மீ. கண்ணாடில ஒரு பட்டை வெட்டி வாங்கி அதுல 400 நம்பர் உப்புத்தாள் ஒட்டு, நெக் நீளத்துக்கு அழுத்தாம ஓட்டு. மை எல்லா ஃபிரெட்லயும் கொஞ்சமாவது போச்சுன்னா நிறுத்திடு, அதுக்கு மேல ஒரு தடவை கூட வேண்டாம். தட்டையான தலையை முக்கோண அரத்தால மறுபடி உருண்டையாக்கணும், அரத்தோட மூணு விளிம்பையும் சாணைல தேச்சு மழுக்கிட்டு பண்ணு, இல்லன்னா மரத்தைக் கீறிடும். நடுவுல ஒரு முடி அளவுக்கு மைக் கோடு மிச்சம் இருக்கணும். அப்புறம் 800, 1000, வண்டி பெயிண்ட்டுக்கு போடுற ரப்பிங் காம்பவுண்ட். ஸ்டீல் வுல் போடறதா இருந்தா பிக்கப்பை முழுசா டேப் போட்டு மூடிட்டு போடு, அந்த இரும்புத் தூள் காந்தத்துல ஒட்டினா எடுக்கவே முடியாது.

நட்டுக்கு 3வது ஃபிரெட்ல அழுத்திட்டு முதல் ஃபிரெட் மேல பாரு, ஒரு பேப்பர் நுழையுற சந்து இருக்கணும். நட் அரம் செட் விலை ஜாஸ்தி, அதுக்கு பதிலா வெல்டிங் கடைல கேஸ் நாசில் குத்துற கம்பி செட் வாங்கு, சின்னதுல இருந்து பெருசு வரைக்கும் உருண்டை அரம் மாதிரியே இருக்கும். ஹெட் பக்கம் கொஞ்சம் சரிவா அறு. அறுத்த குழியில பென்சில் மை தடவிட்டா ட்யூன் பண்றப்ப பிங்னு சிக்குறது நிக்கும். 12வது ஃபிரெட்ல தந்தி உசரம் மெல்லிசுல 1.6, தடிமன்ல 2 மி.மீ. வச்சுக்கோ.

ஆறாம்கம்பி:

அண்ணா, ஃபிரெட் முடிஞ்சுது, எங்கயும் இடிக்கல, மேல பெண்ட் பண்ணா (தந்தியை பக்கவாட்டுல இழுத்தா) கூட நிக்குது! 12வது ஃபிரெட்ல மட்டும் ஆறாவது தந்தி ட்யூனர்ல கொஞ்சம் ஷார்ப் காட்டுது, சாடிலை (பிரிட்ஜ்ல அந்த தந்தி உக்கார்ற துண்டு) பின்னாடி தள்ளினா ஒரு அளவுக்கு மேல போகல.

கரையான்புற்று:

புதுத் தந்தி போட்டு நல்லா இழுத்து விட்டுட்டு பாத்தியா? அப்புறம் அந்த சாடில் ஸ்பிரிங்கை கழட்டி ரெண்டு சுத்து வெட்டிட்டு மாட்டு, தடிமன் தந்தி சாடில்ல ஸ்பிரிங் நெருங்கி நிக்கறதால தான் போகாது. பாடி படம் ஒண்ணு போடு தம்பி, தேக்கு ரேகையைப் பாக்கணும்.

ஆறாம்கம்பி:

ஸ்பிரிங் வெட்டினதும் போயிடுச்சு, இப்ப ஹார்மோனிக்கும் (12வதுல தந்தியை லேசா தொட்டு எழுப்புற சத்தம்) அழுத்தினதும் ஒரே இடத்துல நிக்குது. படம் நாளைக்கு போடுறேன். பாலிஷ் என்ன போடலாம்? மாமா பிரெஞ்ச் பாலிஷ் போடலாம்ங்கறார்.

மரத்தூள்:

மாமா சொல்றதையே கேளு. பிரெஞ்ச் பாலிஷ்ங்கறது அரக்கு பாலிஷை துணியில மெல்லிசா பூசிப் பூசி ஏத்துறது, வீட்லயே பண்ணலாம், தேக்கு ரேகை அப்படியே எழுந்து நிக்கும், பின்னாடி கீறல் விழுந்தா அந்த இடத்துல மட்டும் திரும்ப பூசிக்கலாம். கார் பெயிண்ட்டுக்கு போடுற ரெண்டு கலவை பியூ (பாலியூரிதேன்) மட்டும் வீட்டுக்குள்ள அடிக்க வேண்டாம், அதோட ஹார்டனர் நுரையீரலுக்கு ஆகாது, சாதா துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஆனா பாலிஷுக்கு முன்னாடி கொஞ்ச நாள் வெறும் மரமாவே வாசி. ட்ரஸ் ராட் மறுபடி திருப்ப வேண்டி வருதா, முழங்கை படுற ஓரம் உறுத்துதான்னு அப்ப தான் தெரியும், உறுத்துச்சுன்னா இழைச்சு விட்டுட்டு அதுக்கப்புறம் அரக்கைக் கரைக்கச் சொல்லு.